இருபது புள்ளி ஒன்பது

குத்தம்பாக்கத்தில் கம்பெனி போட்டிருந்த இரண்டாவது ஷெட்டுக்கு மென்பொருள் ஏற்றித் தரும் வேலை வந்தபோது, மூன்று நாளில் முடித்துவிடலாம் என்றுதான் சௌம்யா நினைத்தாள். ஏற்கெனவே ஒருமுறை செய்த வேலைதானே.

அம்பத்தூர் எஸ்டேட்டில், இரும்பு உதிரிபாகங்களை உலையில் சுட்டுக் கெட்டிப்படுத்தித் தரும் பட்டறை அது. எழுபது பேர் வேலை செய்த அந்த இடத்தில் கம்ப்யூட்டர் என்றால் சௌம்யா ஒருத்திதான். கரூர்க்காரி, முப்பத்தொரு வயது. வேப்பம்பட்டில் ஒரு ஃபிளாட்டில் தனியாக வாடகைக்கு இருந்துகொண்டு மின்சார ரயிலில் வந்துபோனாள்.

சூட்டில் காற்று பட்டால் இரும்பு கறுத்துவிடும் என்பதால் உலைக்குள் நைட்ரஜன் வாயுவை நிரப்புவார்கள். அதன் குழாய்களும் வால்வுகளும் உலைக்கு அடியில் பத்தடி ஆழக் குழிக்குள் இருந்தன. நைட்ரஜன் விஷமில்லை. நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆனால் குழிக்குள் கசிந்தால் அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். இறங்குகிற ஆள் மூச்சை இழுப்பான், மூச்சும் வரும், அடுத்த மூச்சில் கால் மடங்கிவிடும். அதனால் குழிக்குள் ஒரு சென்சார் வைத்திருந்தார்கள். அது சொல்லும் எண்ணை மேலே கண்ணாடி அறையில் சௌம்யாவின் திரை பச்சை நிறத்தில் காட்டும். நல்ல காற்றில் நூற்றுக்கு இருபது புள்ளி ஒன்பது பங்கு ஆக்சிஜன். பத்தொன்பதரைக்குக் கீழே இறங்கினால் எண் சிவந்து சைரன் கத்தும்.

இதைச் செய்தது இணையத்தில் பொதுவில் கிடைத்த ஒரு மென்பொருள். எங்கெங்கோ இருக்கும் முகம் தெரியாத ஆட்கள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள் என்று விட்டிருந்த நிரல். அதை அப்படியே ஓட்ட முடியாது. கம்பைலர் என்கிற இன்னொரு மென்பொருள் வரிவரியாகப் படித்து, இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி கட்டித் தரவேண்டும். ஒரு வரி பிடிக்கவில்லை என்றாலும் அது கட்டாது. பிழை என்று சிவப்பில் காட்டிவிட்டு நின்றுவிடும்.

திங்கட்கிழமை காலை புதுக் கம்ப்யூட்டரில் நிரலை ஏற்றிக் கம்பைலரை ஓடவிட்டாள். நாற்பத்தொரு பிழைகள். அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. பழைய நிரலைப் புதிய கம்பைலரிடம் கொடுத்தால் கிழவர் மாதிரி எல்லாவற்றுக்கும் முனகும். ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டே வந்தாள். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. அந்தப் பிழை சொன்னது இதுதான்: இப்படி ஒரு பகுதி எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் யாரும் இதை அழைக்கவே இல்லை.

அழைக்க வேண்டிய இடத்தைத் தேடிப் போனாள். அறுநூற்றுப் பன்னிரண்டாவது வரி. அந்த வரியின் முன்னால் இரண்டு சாய்கோடுகள் போடப்பட்டிருந்தன. அப்படிப் போட்டால் கம்பைலர் அந்த வரியைப் பார்க்காமல் தாண்டிப் போய்விடும். பக்கத்தில் ஒரு குறிப்பு.

"அப்புறம் பார்க்கலாம். - சௌ. ஜூன் 14."

மூன்று வருடத்துக்கு முந்தைய ஜூன். அவளே போட்டது. தேவா செத்தது அதே ஜூன் இருபத்தைந்தாம் தேதி.

சௌம்யா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். அந்த வரி என்ன செய்கிறது என்று அன்றைக்கு அவள் படிக்கவில்லை. இப்போது படித்தாள். நிரலை எழுதிய யாரோ ஒருவர் மேலேயே தெளிவாக எழுதி வைத்திருந்தார். சென்சார் பேசுவதை நிறுத்திவிட்டால் திரையில் கடைசியாக வந்த எண் அப்படியே நின்றுவிடும், பார்ப்பவர் நல்ல எண் என்று நம்பிவிடுவார், அதனால் ஐந்து விநாடி சென்சார் பேசவில்லை என்றால் சைரனை அடிக்க வேண்டும், அதற்குத்தான் இது.

*

தேவா உலை ஆப்பரேட்டர். நாற்பத்திரண்டு வயது, வேப்பம்பட்டுப் பழைய ஊர்க்காரர். சௌம்யா குடிவந்த புதிதில் ரயிலில் பார்த்துவிட்டு, "மேடம், நீங்க பல்லு வெளக்குற எடத்துலதான் எங்க கத்திரிக்காத் தோட்டம் இருந்துச்சு" என்று சொல்லிச் சிரித்தவர். அதற்குப் பிறகு கூட்டமான நாட்களில் அவளுக்காகச் சோற்றுப் பையை வைத்து ஓர் இடம் பிடித்து வைப்பார்.

குழிக்குள் இறங்கும் முன் கண்ணாடி அறைக்குக் கீழே வந்து நின்று கேட்பார்.

"இன்னா மேடம், காத்து கீதா?"

அவளும் திரையைப் பார்த்துவிட்டு அவரைப் போலவே சொல்வாள்.

"கீது கீது. எறங்குங்கண்ணா."

ஜூன் பதினான்காம் தேதி நடந்ததையும் அவளால் நினைவுபடுத்த முடிந்தது. அதற்கு முந்தைய வாரம் இடியில் பழைய கம்ப்யூட்டர் போய்விட்டது. புதியதில் நிரலைக் கட்டினால் கம்பைலர் ஒரு வரியில் நின்றது. உலை இரண்டு நாளாக அணைந்து கிடந்தது. பொது மேலாளர் ராகவன் அரைமணிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தார். இணையத்தில் தேடியபோது, இதே பிழைக்கு ஒருவர் பதில் எழுதியிருந்தார்: "அந்த வரியை மூடிவிடுங்கள். எனக்கு நன்றாக ஓடுகிறது." அதற்குக் கீழே நாற்பது பேர் நன்றி சொல்லியிருந்தார்கள். அவளும் மூடினாள். கம்பைலர் முனகாமல் கட்டித் தந்தது. திரையில் பச்சை எண் வந்தது. கீழே உலைக்காரர்கள் கைதட்டினார்கள்.

பதினோரு நாள் கழித்து, சனிக்கிழமை மதியம் மூன்றரைக்கு, தேவா வால்வு ஒன்றைத் திருகுவதற்காக வந்து நின்று கேட்டார். அவள் பார்த்தாள். இருபது புள்ளி ஒன்பது. இறங்குங்கண்ணா என்றாள். கால் மணி நேரம் கழித்துக் கீழே ஒரு கூச்சல் கேட்டது. பராமரிப்புப் பிரிவு ஃபிட்டர் முகமது இஸ்மாயில் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கி, கயிற்றில் கட்டித் தேவாவை மேலே அனுப்பினார். அப்போதே உயிர் இல்லை.

விசாரணைக்கு வந்த தொழிற்சாலை ஆய்வாளர் குழியின் காற்றுப் பதிவைக் கேட்டார். சௌம்யாதான் அச்சடித்துக் கொடுத்தாள். பன்னிரண்டு மணியிலிருந்து மூன்றரை வரைக்கும் இருபது புள்ளி ஒன்பது. காற்று சரியாக இருந்தது என்று அவளே கையெழுத்தும் போட்டாள். பிரேதப் பரிசோதனையில் இதயக் குழாயில் சிறிய அடைப்பு இருந்தது தெரிந்தது. மாரடைப்பு என்று கோப்பு மூடப்பட்டது. குடித்திருப்பான் என்று பட்டறையில் சிலர் சேர்த்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அந்தக் குழியைப் பற்றிப் பேச்சு வேறு மாதிரி ஆனது. காத்து கருப்பு அடித்துவிட்டது என்றார்கள். ஏணியில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டினார்கள். அமாவாசைக்கு அமாவாசை வாசலில் பூசணிக்காய் உடைந்தது. சௌம்யாவுக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் வேப்பம்பட்டு ஸ்டேஷன் ரோட்டில் பஞ்சர் கடையைத் தாண்டும்போது யாராவது வண்டியை நிறுத்தி, "காத்து கீதாப்பா?" என்று கேட்டால் அவளுடைய முதுகில் ஈரத் துணியைப் போட்டதுபோல் இருக்கும். குனிந்து வேலை செய்துகொண்டிருப்பாள், கண்ணாடிக்குக் கீழே ஆள் வந்து நிற்பது தெரியும். நிமிர்ந்தால் யாரும் இருக்க மாட்டார்கள். முதலில் இதை யாரிடமாவது சொல்ல நினைத்தாள். பிறகு அது பழகிவிட்டது. ஒரு நாளைக்கு இத்தனை முறை என்று தெரிகிற அளவுக்குப் பழகிவிட்டது.

தேவாவின் மனைவி வரலட்சுமி பட்டாபிராமில் ஒரு தையல் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார். காலை ரயிலில் மகளிர் பெட்டியில் ஏறுவார். அவரைப் பிளாட்பாரத்தில் பார்த்த நாளிலிருந்து சௌம்யா கடைசிப் பெட்டிக்கு மாறிவிட்டாள். அவரிடம் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியாகத் தேவாவிடம் பேசியது நான்தான் என்றா? காற்று இருந்தது என்றா?

*

செவ்வாய்க்கிழமை மதியம் அவள் சாப்பிடவில்லை. பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தாள். அச்சடித்துக் கொடுத்த தாளில் புள்ளிக்குப் பிறகு ஓர் இலக்கம்தான் இருந்தது. கம்ப்யூட்டருக்குள் இருந்த பதிவில் நான்கு இலக்கம். மற்ற நாட்களில் அந்த எண் ஓயாமல் அசைந்தது. இருபது புள்ளி எட்டு ஏழு, ஒன்பது மூன்று, எட்டு ஒன்பது என்று ஆடிக்கொண்டே இருந்தது. ஜூன் இருபத்தைந்தாம் தேதி மதியம் பன்னிரண்டு நாற்பத்திரண்டுக்கு 20.9104 என்று வந்தது. அடுத்த விநாடியும் 20.9104. அதற்கடுத்த விநாடியும். அவள் கீழே கீழே உருட்டிக்கொண்டே போனாள். பத்தாயிரம் வரி. தேவா வந்து கேட்ட விநாடியிலும் அதே எண். அவரை மேலே தூக்கியபோதும் அதே எண்.

அசையாத எண்ணைப் பார்த்துத்தான் அவள் பதில் சொல்லியிருந்தாள்.

ஆனாலும் மனது ஒரு சந்து தேடியது. வேறு காரணம் இருக்கலாம். சென்சாரே அப்படி ஓர் எண்ணில் நின்றிருக்கலாம். அந்த வரி இருந்திருந்தாலும் சைரன் அடிக்காமல் போயிருக்கலாம். உலையோடு ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் கைவைக்க முடியாது. நிச்சயமாகத் தெரிய ஒரு வழிதான் உண்டு. ஜூன் பதினான்காம் தேதி கட்டிய அதே மென்பொருளை மறுபடி கட்டி, மேசையில் ஒரு சென்சாரை மாட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அதற்கு மூன்று நாள் ஆனது. அதுவரை குழிக்குள் யாரும் இறங்கக் கூடாது என்று கீழே சொல்லிவைத்தாள். பழைய கம்பைலர் எங்கேயும் சரியாகக் கிடைக்கவில்லை. புதிய கம்பைலரோ அந்தப் பழைய நிரலைத் தொட மறுத்தது. அன்றைக்கு வெறும் எச்சரிக்கையாகச் சொன்னதை எல்லாம் இன்று பிழை என்றது. சௌம்யா அதன் கண்டிப்பை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தாள். இதைப் பார்க்காதே, இதைக் கேட்காதே, இதை விட்டுவிடு என்று. பிணத்தைக் குளிப்பாட்டி உட்கார வைக்கிற மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அது எழுந்து உட்கார்ந்தது. திரையில் பச்சையில் இருபது புள்ளி ஒன்பது.

இஸ்மாயிலைக் கூப்பிட்டாள். ஐம்பத்தைந்து வயது, அம்பத்தூர் ஓ.டி. பக்கம் வீடு, பட்டறையில் எல்லோருக்கும் பாய். மேசைமேல் ஒரு மாற்று சென்சாரும் அதன் ஒயரும் இருந்தன.

"பாய், அந்த ஒயரைப் பிடுங்குங்க."

"புடுங்குனா இன்னாம்மா ஆவும்?"

"சைரன் அடிக்கணும்."

இஸ்மாயில் பிடுங்கினார். சௌம்யா கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து விநாடி. பத்து விநாடி. ஒரு நிமிடம். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"பிடுங்கிட்டீங்களா பாய்?"

"கையிலதான் கீது, பாரு." அவர் ஒயரின் முனையைத் தூக்கிக் காட்டினார்.

திரை பச்சையாகவே இருந்தது. சென்சாரிலிருந்து வெட்டப்பட்ட அந்தக் கம்ப்யூட்டர், எங்கும் இல்லாத ஒரு காற்றை அளந்து சொல்லிக்கொண்டிருந்தது.

இஸ்மாயில் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ஒரு நிமிசம் இரு" என்று போனவர், எண்ணெய்க் கறை படிந்த ஒரு நீளக் குறிப்பேட்டோடு வந்தார். எச்சில் தொட்டுப் புரட்டினார். அந்த வருடம் ஜூன் முப்பது. 'குழி சென்சார் ஒயர் அறுந்து கிடந்தது. புதுசு போட்டாச்சு.'

"அன்னிக்கு ஆளுங்க எறங்கி ஏறுனதுல அறுந்துச்சுன்னு நெனச்சேம்மா. அதுக்கு முன்னாடியே அறுந்துகினு இருந்திருக்கு." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "நா அன்னிக்கே சொன்னேன், யாரும் கேக்கல. கீழ எறங்குனதும் எனக்கே கால் தொவண்டுச்சு. ஏணில ஏறி ஏறித் தலைய மேல நீட்டித்தான் அவனக் கட்டுனேன். பயத்துல அப்டி ஆயிருக்கும் பாய்னு சொல்லிட்டாங்க. காத்து அடிச்சிடுச்சு, காத்து அடிச்சிடுச்சுன்றானுங்களே, காத்து எங்க அடிச்சுச்சு? காத்து இல்லமா அங்க."

அவர் போன பிறகு சௌம்யா அறுநூற்றுப் பன்னிரண்டாவது வரியை முறையாகச் சரிசெய்தாள். மூன்று வருடத்துக்கு முன் கம்பைலர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்கிற எண்ணையும் அந்த வரியில் சேர்த்துக் கொடுக்கச் சொல்லியிருந்தது. நிரலோடு வந்த விளக்கப் பக்கத்தைப் படித்தால் கிடைத்திருக்கும். அவளுக்கு இருபது நிமிடம் பிடித்தது. கட்டி, ஓட்டி, ஒயரைப் பிடுங்கினாள். ஐந்தாவது விநாடியில் சைரன் அலறியது. கீழே ஆட்கள் போட்டது போட்டபடி வெளியே ஓடினார்கள். அவள் அதை நிறுத்த மறந்து உட்கார்ந்திருந்தாள்.

*

ராகவன் கெட்ட மனிதர் இல்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"உங்க மேல தப்பு இல்ல சௌம்யா. ஒயர் அறுந்தது. அது ஒயரோட தப்பு."

"ஒயர் அறுந்தா சொல்றதுக்குத்தான் சார் அந்த வரி இருந்தது."

"நான்தானே அன்னிக்கு அவசரப்படுத்தினேன்? அப்ப நானும்தான்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப சரி பண்ணிட்டீங்க. ரெண்டு ஷெட்டுலயும் போடுங்க. இனிமே யாருக்கும் எதுவும் ஆகாது. மூணு வருஷம் கழிச்சு அந்தப் பொம்பளைகிட்டப் போய் இதைச் சொல்லி என்ன ஆகப்போகுது? மாரடைப்புன்னு அவங்க மனச தேத்திக்கிட்டு இருப்பாங்க. அதையும் எடுத்துடுவீங்களா?"

அது நியாயமாகத்தான் பட்டது. அன்று மாலை ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். சொல்லாமல் இருக்கலாம். எல்லாம் சரிசெய்தாகிவிட்டது. ஆவடி தாண்டியதும் எதிர் இருக்கையில் தேவா உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது. எப்போதும் போல மடியில் சோற்றுப் பை. அவள் நேராகப் பார்க்கவில்லை. அவர் கோபமாக இல்லை, வழக்கம்போல் அவளிடம் ஏதோ கேட்கப் போகிற முகம். பதிலை நம்பி எழுந்து போகத் தயாராக இருக்கிற முகம். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. திருநின்றவூரில் இறங்கி மீதித் தூரத்தை நடந்தே போனாள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரலட்சுமியின் வீட்டுக்குப் போனாள். ஏரிப்பக்கத் தெருவில் ஓட்டு வீடு, பக்கவாட்டில் புதிதாக எடுத்த ஒரு தளம் போட்ட அறை. வரலட்சுமி வாசல் குழாயடியில் மகளின் பள்ளிச் சீருடையைத் துவைத்துக்கொண்டிருந்தார்.

"நீ அந்தக் கம்ப்யூட்டர் பொண்ணுதானே? ரயில்ல பாத்துகிறேன். என்னப் பாத்தா அந்தாண்ட போயிடுவ."

சௌம்யாவுக்கு உட்காரத் தோன்றவில்லை. நின்றபடியே சொன்னாள். சென்சார், ஒயர், அவள் மூடிய வரி, அசையாமல் நின்ற எண், தேவா வந்து கேட்டது, அவள் சொன்ன பதில். வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் பாதியில் தீர்ந்துபோய், கடைசியில், "காத்து இருக்குன்னு நான்தாங்க்கா சொன்னேன். இல்லாம இருந்துச்சு" என்றாள்.

வரலட்சுமி கையிலிருந்த துணியைப் பிழியாமல் அப்படியே பிடித்திருந்தார். தண்ணீர் சொட்டியது.

"அப்ப மாரடைப்பு இல்லியா?"

"இல்லக்கா."

"குடிச்சிகினு போனாருன்னாங்களே."

"இல்ல. நல்லாத்தான் இருந்தாரு. நல்லா சிரிச்சுகிட்டுத்தான் கேட்டாரு."

வரலட்சுமி குழாயடித் திட்டில் உட்கார்ந்தார். பிறகு வேறு யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்.

"அன்னிக்கு காலீல நா சண்ட போட்டேன். சின்ன விசயம், கேஸு சிலிண்டருக்கு சொல்லல. வாயில வந்ததெல்லாம் பேசிட்டேன், நீயெல்லாம் ஒரு ஆம்பளையான்னு. அந்தாளு ஒண்ணும் பேசாம சோத்துப் பைய எடுத்துகினு பூட்டாரு. நெஞ்சுவலின்னு டாக்டரு சொன்னதும், நாந்தான், நாந்தான்னு... மூணு வருசமா தூங்கறப்ப நெஞ்சப் புடிச்சிகினு வந்து வாசல்ல நிப்பாரு. உள்ள வர மாட்டாரு. எம் பொண்ணு கைல கூட சொல்லலமா நானு."

சௌம்யா அழுதாள். வரலட்சுமி அழவில்லை. நிமிர்ந்து பார்த்த கண்ணில் வேறொன்று இருந்தது.

"நீ படிச்ச பொண்ணு. ஒரு வரி இன்னான்னு படிக்காம மூடுவியா?"

சௌம்யா துணியிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எழ்ந்து போ" என்றார் வரலட்சுமி, அவள் நின்றுகொண்டிருந்தும். "போம்மா. இப்ப போயிடு. என் வாயில எதுனா வந்துடும்."

அவள் தெருமுனைவரை போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது. வரலட்சுமி ஈரக் கையோடு கதவருகில் நின்றார்.

"எழுதிக் குடுப்பியா? இப்ப சொன்னத்த அப்டியே?"

"கொடுக்கிறேன்கா."

"குடிச்சிட்டு சாவலன்னு காயிதத்துல வரணும்."

*

அவள் வரலட்சுமிக்கும் ஆய்வாளர் அலுவலகத்துக்குமாக நான்கு பக்கம் எழுதினாள். பதிவேடு, அறுநூற்றுப் பன்னிரண்டாவது வரி, மேசைமேல் செய்த சோதனை எல்லாவற்றையும் சேர்த்தாள். இஸ்மாயில் குறிப்பேட்டைக் கொடுத்துவிட்டு, "எனக்கு இன்னும் மூணு வருசம்தான் சர்வீஸு. அனுப்புனா அனுப்பட்டும்" என்றார். அவரை அனுப்பவில்லை. சௌம்யாவைத்தான் வேலையைவிட்டு அனுப்பினார்கள். ராகவன் அவளை வாசல்வரை வந்து வழியனுப்பினார். குத்தம்பாக்கம் ஷெட்டில் அவள் திருத்திய மென்பொருள்தான் ஓடுகிறது என்று பிறகு இஸ்மாயில் சொன்னார்.

விசாரணை மறுபடி தொடங்கி நான்கு மாதம் இழுத்தது. அந்த நான்கு மாதமும் சௌம்யா வீட்டில் இருந்தாள். முதல் வாரத்திலேயே, மூன்று வருடத்துக்கு முன் தான் படித்த அந்த இணையப் பக்கத்தைத் தேடிப் பிடித்தாள். "அந்த வரியை மூடிவிடுங்கள்" என்ற பதில் அப்படியே இருந்தது. நன்றி சொன்னவர்கள் இருநூற்றுப் பத்துப் பேராகியிருந்தார்கள். அதற்குக் கீழே எழுதினாள். மூடாதீர்கள், நான் மூடினேன், ஒருவர் இறந்துவிட்டார், சரியான திருத்தம் இது என்று. நிரலை எழுதியவர்களுக்கும் அனுப்பினாள். அவர்கள் அதைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு கடிதங்கள் வர ஆரம்பித்தன. தெரியாத ஊர், தெரியாத பெயர். ஒருவர் மீன் பதப்படுத்தும் குளிர்கிடங்கு. ஒருவர் ஏதோ கல்லூரியின் ஆய்வுக்கூடம். நானும் மூடியிருக்கிறேன். நானும். ஒரு மதியம் ஓர் ஆள் கேட்டிருந்தார்: "எங்கள் நிலவறையில் இது இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. எண் சரியாகத்தான் காட்டுகிறது. நான் முதலில் என்ன செய்ய வேண்டும்?" சௌம்யா, உள்ளே இருப்பவர்களை முதலில் வெளியே கூப்பிடுங்கள் என்று எழுதி அனுப்பிவிட்டு, அடுத்த நாற்பது நிமிடம் அந்தத் திரையைவிட்டு எழவில்லை. பிறகு, வெளியே வந்துவிட்டார்கள், நான்கு பேர் என்று பதில் வந்தது. அந்த நான்கு பேரும் அவளைக் காலமெல்லாம் அறியப்போவதில்லை. அன்று அவள் முதல்முறையாக வயிறு நிறையச் சாப்பிட்டாள். ஆனால் இருநூற்றுப் பத்தில் எழுதியவர்கள் பதினேழு பேர்தான். மற்றவர்களைப் பற்றி நினைக்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

கார்த்திகை மாதத்தில் ஒரு புதன்கிழமை ஆய்வாளர் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். புது அறிக்கை தயாராகியிருந்தது. வரலட்சுமி, அவருடைய மகள் அகல்யா, இஸ்மாயில், சௌம்யா நால்வரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வரலட்சுமி ஓரத்தில், சௌம்யா மறு ஓரத்தில். அதிகாரி வாசித்தார். குழியில் நைட்ரஜன் கசிந்து ஆக்சிஜன் குறைந்ததால் ஏற்பட்ட மரணம். கண்காணிப்புக் கருவியின் எச்சரிக்கை நீக்கப்பட்டிருந்தது. இறந்தவர் மீது தவறு இல்லை.

"அந்தக் கடேசி வரிய இன்னொரு தபா படிங்க சார்" என்றார் வரலட்சுமி.

அவர் படித்தார். "இறந்தவர் மீது தவறு இல்லை."

அகல்யா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினாலு வயது. அவளுக்கு முகவாய் அப்படியே தேவா.

வெளியே வந்ததும் இஸ்மாயில் டீ வாங்கப் போனார். மழை தூறிக்கொண்டிருந்தது. வரலட்சுமி மகளை முன்னால் நடக்கச் சொல்லிவிட்டு சௌம்யாவிடம் வந்தார். இத்தனை மாதத்தில் அவராக அருகில் வருவது அதுதான் முதல் தடவை.

"உனக்கு வேல பூட்ச்சாமே."

"ஆமாக்கா. ஆவடியில ஒரு எடத்துல கேட்டிருக்கேன்."

வரலட்சுமி தலையாட்டினார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தாளு இப்பல்லாம் நெஞ்சப் புடிச்சிகினு வரதில்ல. கெனாவுல ஊட்டுக்குள்ள வராரு, சாப்புடறாரு, போறாரு. அதுக்கு நீதான் காரணம். அத்த நா மறக்க மாட்டேன்." முன்னால் போய்க்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். "ஆனா உன்னப் பாக்கறப்பல்லாம் அந்த ஆளு அந்தக் குழியில எறங்குறது என் கண்ணுக்குத் தெரியுதும்மா. நீ கெட்டவ இல்ல. ஆனா இனிமே என் கண்ணுல படாத. ரயில்லயும்."

"சரிக்கா."

அடுத்த மாதம் சௌம்யா பூந்தமல்லிப் பக்கம் வீடு மாறினாள். ஆவடியில் வேலை கிடைத்தது. தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரங்களுக்கு நிரல் கட்டித் தரும் சிறிய கம்பெனி. அங்கே அவளை எல்லோரும் மெதுவான ஆள் என்பார்கள். ஒரு பிழை வந்தால் அரைநாள் எடுத்துக்கொள்வாள். அவசரப்படுத்தினால் கோபப்படுவதில்லை, விளக்கம் சொல்வதும் இல்லை. திரைக்கு எதிரே யாரோ நின்றுகொண்டிருப்பதுபோல் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி அந்த வரியை முதலிலிருந்து படிக்கத் தொடங்குவாள்.